கிரானைட்டைத் தூக்காமல் சிங்க் மாற்றினோம்

முதலில் நனைந்தது வெங்காயக் கூடை. சிங்க்குக்குக் கீழே இருக்கும் அறையில் வெங்காயம், உருளைக்கிழங்கு வைப்பது எங்கள் வீட்டில் 20 வருடப் பழக்கம். ஒரு நாள் பார்த்தால் கூடையின் அடியில் விரித்திருந்த பேப்பர் ஊறிப்போய், நாலு வெங்காயம் முளைவிட்டிருந்தது. குழாய் மூட்டுதான் கசிகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். சிங்க்கின் அடி ஓட்டையில் மாட்டும் கப்ளிங்கை இறுக்கினார், வேஸ்ட் பைப்பை மாற்றினார், 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாளில் மறுபடியும் ஈரம்.

அப்புறம் ஒரு ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, சிங்க்கை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மூட்டு காய்ந்துதான் கிடந்தது. கப்ளிங்கைச் சுற்றித் தகட்டிலேயே குண்டூசி முனை அளவில் மூன்று ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்சம் யோசித்து, விழுந்தது.

எவர்சில்வர் எப்படி ஓட்டையாகும் என்று அத்தை கேட்டார். எவர்சில்வருக்குத் துரு பிடிக்காமல் இருப்பது அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலத்தால்தான். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே புள்ளி புள்ளியாக உடைக்கும். உடைந்த புள்ளி அகலமாகப் பரவாது, நேராக ஆழத்துக்குத் துளைக்கும். எங்கள் குரோம்பேட்டை போர்வெல் தண்ணீரில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. போதாததற்கு வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊற வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தவள் நான்தான். ஈரமான இரும்பு நாரைக் கப்ளிங் ஓரத்திலேயே விட்டு வைப்பதும் வழக்கம். ஆக, ஓட்டை எங்கிருந்து வந்தது என்று வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை.

ஓட்டையில் எம்-சீல் வைத்து ஒரு மாதம் ஓட்டினோம். அதற்குள் நாலாவது ஓட்டை.

சிங்க்கை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இருவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "மேடம், கிரானைட்டைத் தூக்கணும். தூக்கினா உடையும், நாங்க பொறுப்பு இல்ல." மேடை முழுவதையும் புதிதாகப் போட ஒருவர் 55,000 சொன்னார், இன்னொருவர் 70,000. சுவர் டைல்ஸ் உடைந்தால் அது தனிக் கணக்கு.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. மேடை கட்டியிருக்கும் விதம் அப்படி. 2004இல் கட்டிய ஃபிளாட் இது. அப்போது இங்கே வழக்கமாகச் செய்தது இதுதான்: செங்குத்தாக நிற்கும் கடப்பா கல் தடுப்புகள், அவற்றின் மேல் படுக்கையாக ஒன்றேகால் அங்குலக் கடப்பா பலகை, அதற்கு மேல் அரை அங்குலம் சிமெண்ட் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே முக்கால் அங்குலக் கிரானைட். சிங்க்கின் விளிம்பைக் கடப்பா மேல் உட்கார வைத்து, கலவையைப் போட்டு, கிரானைட்டை மேலே மூடிவிட்டார்கள். பன்னுக்கு நடுவே ஜாம் மாதிரி விளிம்பு இரண்டு கல்லுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. மேலே இழுத்தால் கிரானைட் தடுக்கும், கீழே இறக்கினால் கடப்பா தடுக்கும். போட்ட மேஸ்திரிக்கு இது எளிது. கழற்றப் போகிறவனைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

கிரானைட்டும் சும்மா விடக்கூடிய கல் இல்லை. ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி. கறுப்பில் பொன்புள்ளி மின்னும் கல். புவியியல் படித்தவர்கள் அதைக் கிரானைட் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கேப்ரோ வகைப் பாறை என்பார்கள். அவர்கள் என்ன பெயர் வைத்தாலும், மாமா வீடு வாங்கும்போது ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த கல். அவர் இப்போது இல்லை. அதை உடைப்பதற்கு அத்தை சம்மதிக்க மாட்டார் என்பது கேட்காமலேயே தெரியும்.

என் தம்பி திருவள்ளூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருக்கிறான். போட்டோ அனுப்பினேன். "அக்கா, கல்லை எதுக்குத் தொடணும்? சிங்க்கை வெட்டி எடுத்துட்டு, கடப்பாவைக் கீழேருந்து அகலப்படுத்திக்கலாம். புதுசைக் கீழே வழியா ஏத்திரலாம்" என்றான். கேட்கச் சுலபமாக இருந்தது. எதன் மேல் ஏற்றுவது, எது தாங்கும் என்பதில்தான் மூன்று வாரம் போனது.

அளவெடுத்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் தவறு அங்கேதான். மேலே கிரானைட்டில் இருக்கும் திறப்பு 20க்கு 16 அங்குலம், மூலைகள் நன்றாக வளைந்தவை. இப்போது கடைகளில் முன்னால் நிற்பது ஹேண்ட்மேட் என்று விற்கும் கூர்மூலை சிங்க்குகள். அவற்றை இந்த வளைந்த திறப்புக்குக் கீழே வைத்தால் நாலு மூலையிலும் கல் சிங்க்குக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் அடியில் சோற்றுப் பருக்கை தங்கும். அதனால் அச்சில் அழுத்திச் செய்த, மூலை வளைந்த பழைய பாணிதான் சரி. பெட்டியில் போட்டிருக்கும் அளவு விளிம்போடு சேர்ந்த வெளி அளவு. 22க்கு 18 என்று இருந்தால், சுற்றிலும் ஓரங்குல விளிம்பு போக உள்தொட்டி 20க்கு 16. திறப்புக்கு அச்சாகப் பொருந்தும். கீழே இரண்டு கடப்பா தடுப்புகளுக்கு இடையே இருந்த இடைவெளி 23½ அங்குலம். 22 அங்குலச் சிங்க் உள்ளே போகும். இதுவரை எல்லாம் சரி.

ஆழத்தைத்தான் கோட்டை விட்டேன். பழையது 7 அங்குலம். பெரிய குக்கரைப் படுக்க வைத்துத் தேய்க்கலாமே என்று 10 அங்குல ஆழத்தில் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இவ்ளோ ஆழமா? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடும்க்கா" என்றார். ஒரு நாளில் அந்தச் சிங்க் முன்னால் அதிக நேரம் நிற்பவர் அவர்தான். அவரைக் கேட்காமல் வாங்கியதே தப்பு. இருந்தாலும் பழகிவிடும் என்று சமாதானம் சொன்னேன்.

அன்று சாயங்காலம் தம்பி போனில் கேட்டான்: "சுவத்துல வேஸ்ட் வாட்டர் போற ஓட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம்?" அளந்தேன், 17 அங்குலம். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மேடை 33 அங்குலம். கல் கனம் முக்கால் போனால் 32¼. அதிலிருந்து 10 அங்குலத் தொட்டி, அதற்குக் கீழே கப்ளிங் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கப்ளிங்கின் அடி வாய் 18½ அங்குல உயரத்தில் நிற்கும். அங்கே, சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கும் பாட்டில் ட்ராப்பை மாட்டினால், தண்ணீர் வெளியேறும் அதன் கை இன்னும் ஓரிரு அங்குலம் கீழே வரும். சுவர் ஓட்டைக்கும் கீழே. தண்ணீர் மேல்நோக்கி ஏறிப் போகாது, ட்ராப்பிலும் கப்ளிங்கிலும் தேங்கி நிற்கும். 8 அங்குல ஆழம் என்றால் எல்லாமே இரண்டு அங்குலம் மேலே வரும், கொஞ்சம் சரிவும் கிடைக்கும். மறுநாள் பெட்டியோடு ஜி.எஸ்.டி. சாலைக் கடைக்குப் போய் 8 அங்குலமாக மாற்றி வந்தேன். நல்ல வேளை, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அக்காவிடம் "நீங்க சொன்னதுக்காகத்தான் மாத்தினேன்" என்றேன். நம்பவில்லை.

மாற்றும்போதே எவர்சில்வரின் தரத்தையும் சோதிக்கச் சொன்னேன். வீட்டிலிருந்து காந்தம் எடுத்துப் போவார்கள் சிலர். அதனால் பெரிய பயன் இல்லை. 304 தரத்திலும் காந்தம் ஒட்டாது, விலை குறைந்த 202 தரத்திலும் ஒட்டாது. 304 என்பது ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் சேர்ந்தது. 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், உப்புத் தண்ணீரை அது அவ்வளவு தாங்காது. கடைக்காரரிடம் ஒரு சின்னப் புட்டியில் சோதனைத் திரவமும் 9 வோல்ட் பேட்டரியும் இருந்தன. தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பேட்டரியை வைத்தார். நிறம் பெரிதாக மாறவில்லை. பக்கத்தில் மலிவாகத் தொங்கிய இன்னொரு சிங்க்கில் அதே சொட்டு சில நொடிகளில் சிவந்தது. மாங்கனீசு இருந்தால் சிவக்கும். என் பழைய சிங்க்கின் துண்டு ஒன்றைப் பிறகு கொண்டுபோய்க் காட்டினேன். அதுவும் சிவப்புதான்.

இனி, எது தாங்கும் என்ற கேள்வி. பொதுவாக இங்கே செய்வது, சிங்க் விளிம்பில் மார்பிள் கம் அல்லது அரால்டைட் தடவிக் கல்லின் அடியில் ஒட்டி, காயும்வரை இரண்டு செங்கல்லையும் ஒரு கட்டையையும் முட்டுக் கொடுப்பது. ஒட்டும், சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 20க்கு 16க்கு 8 என்றால் 2,560 கன அங்குலம், கிட்டத்தட்ட 42 லிட்டர். நிரம்பினால் 42 கிலோ. அதில் ஊற வைத்த இட்லிக் குண்டான், குக்கர், தோசைக்கல். இத்தனையும் விளிம்பில் தடவிய பசையை நம்பித் தலைகீழாகத் தொங்க வேண்டும். அந்தப் பசை ஒட்டியிருப்பதோ கல்லின் அடிப்பக்கத்தில், 20 வருடத் தூசியும் சிமெண்டும் படிந்த இடத்தில். ஒரு நாள் ராத்திரி "தடால்" என்று கேட்கும். நன்றாக ஒட்டிவிட்டால் அதுவும் தொல்லைதான். அடுத்த முறை மாற்றும்போது மறுபடியும் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது, பசை கசிவை மட்டும் அடைக்க வேண்டும், பாரத்தை வேறு ஏதாவது கீழேயிருந்து தாங்க வேண்டும். தம்பியிடம் சொன்னேன். மூன்று நாள் கழித்து ஒரு இரும்பு ஸ்டூல் மாதிரி ஒன்றோடு வந்து நின்றான்.

முக்கால் அங்குலச் சதுரப் பைப்பில் ஒரு சட்டம், உள்ளே 20½க்கு 16½ திறப்பு. சிங்க்கின் தொட்டி அதற்குள் இறங்கும், விளிம்பு சட்டத்தின் மேல் உட்காரும். நாலு மூலையிலும் கால். ஒவ்வொரு காலின் அடியிலும் 10 எம்எம் நட் ஒன்றை வெல்டிங் வைத்து, அதில் 100 எம்எம் நீள போல்ட்டை, அதன் தலை தரைப் பக்கம் இருக்கும்படி முழுக்கத் திருகியிருந்தான். போல்ட்டை வெளியே திருகினால் கால் நீளும். அவ்வளவுதான் சூட்சுமம். குட்டையாக உள்ளே நுழைத்து, நுழைந்த பிறகு ஸ்பேனரால் உயர்த்திக் கல்லின் அடியில் கொண்டுபோய் முட்ட வைக்க வேண்டியது. கார் டயர் மாற்ற ஜாக்கி வைப்பதில்லையா, அது மாதிரி. கூலி வாங்க மறுத்துவிட்டான். இரும்புக்கு மட்டும் 1,300 கொடுத்தேன்.

சட்டம் சாதாரண இரும்பு. அதனால் ரெட் ஆக்சைடு அடித்து, மேலே இரண்டு கோட் எனாமல். எவர்சில்வரும் இரும்பும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் முதலில் அரிக்கும், அதனால் விளிம்பு படும் இடமெல்லாம் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினோம். இது பின்னால் இன்னொரு விதத்திலும் உதவியது.

ஆடி மாதம். "ஆடியிலயா கைவைக்கிற?" என்றார் அத்தை. "புதுசா எதுவும் கட்டலையே அத்தை, ரிப்பேர்தானே" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை, ஆனால் வெட்டும் முன் அடுப்புப் பக்கம் ஒரு எலுமிச்சம்பழம் உருட்டி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை. எங்கள் அசோசியேஷனில் டிரில்லிங், கட்டிங் எல்லாம் 10 மணியிலிருந்து 1 மணி வரைதான். முதல் வேலை, மேடைக்குக் கீழே பக்கத்து அறையில் இருந்த கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரைப் பால்கனிக்குக் கொண்டுபோனது. கிரைண்டர் தீப்பொறி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர் டியூபையும் எடுத்துக் கட்டிவைத்தோம். குழாய் சுவரில்தான் இருக்கிறது, அதைத் தொட வேண்டியிருக்கவில்லை. கிரானைட் மேல் ஈரச் சாக்கு, சுவர் டைல்ஸ் மேல் அட்டை.

தம்பி நாலங்குல கிரைண்டரில் ஒரு எம்எம் இரும்பு வெட்டும் பிளேடைப் போட்டு, தொட்டியின் உள்பக்கச் சுவரில், கல் விளிம்புக்கு ஓரங்குலம் கீழே சுற்றிலும் வெட்டினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தொட்டி "டம்" என்று கீழே வைத்த தலையணை மேல் விழுந்தது. கல்லுக்குள் மாட்டியிருந்த விளிம்பு மட்டும் மிச்சம். அதைக் குறுக்கே நாலு இடத்தில் கீறிவிட்டு, பிளேயரால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தால் கரும்புச் சக்கை மாதிரி துண்டு துண்டாக வந்தது. பின்பக்கத் துண்டு ஒன்று மட்டும் வரவே இல்லை. உளி வைத்துக் கலவையைச் சுரண்டிய பிறகுதான் இறங்கியது.

கடப்பாவை நாங்கள் வெட்டவில்லை. கிரானைட் வேலை செய்யும் ஒருவரை 1,500க்குப் பேசியிருந்தேன். கடப்பாவின் திறப்பு 21க்கு 17 இருந்தது. 22க்கு 18 விளிம்பு அதைத் தாண்டி மேலே போய்க் கிரானைட்டைத் தொட வேண்டும். ஆகவே 22½க்கு 18½ ஆக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன். சிங்க்குக்கு முன்னால் கிரானைட் பட்டை நாலங்குலம்தான். எந்த மேடையிலும் விரிசல் முதலில் விழுவது அங்கேதான். அதன் அடியில் இருக்கும் கடப்பா எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு நல்லது.

அவர் கீழே படுத்துக்கொண்டு மேல்நோக்கி வெட்டினார். நான் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தேன். எல்லாருக்கும் என்95 மாஸ்க், கண்ணாடி. அப்படியும் வீடு முழுக்கச் சாம்பல் நிறத் தூசி, பூஜை அறை வரைக்கும். பின்னிடது மூலையில் பிளேடு எட்டவில்லை என்று சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கடப்பா ஏடு ஏடாகப் படிந்த கல், தட்டினால் ஏடாகத்தான் உரியும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஏடு பெயர்ந்து விழுந்தது. "ஒண்ணும் ஆகாது மேடம், உள்ளதானே" என்றார். ஒன்றும் ஆகவில்லைதான், ஆனால் அந்த இடத்தில் கிரானைட்டுக்குக் கீழே வெற்றிடம். ஞாயிறு காலை அதில் எம்-சீலை இரண்டு பாகமும் சமமாகப் பிசைந்து அடைத்தேன். சுத்தியல் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கீழே குவிந்த கடப்பாத் தூளில் கொஞ்சம் எடுத்து, அதில் வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்தது. கடப்பா சுண்ணாம்புக்கல், அமிலம் பட்டால் கரையும். விளையாட்டுக்குச் செய்ததில்லை. சிலிக்கானில் இரண்டு வகை உண்டு. விலை குறைந்தது காயும்போது புளித்த வாடை அடிக்கும், அது அசெட்டிக் அமிலம், வினிகரில் இருப்பதேதான். சுண்ணாம்புக்கல்லுக்கும் உலோகத்துக்கும் அது ஆகாது. நியூட்ரல் என்று எழுதிய சிலிக்கானைக் கேட்டு வாங்க வேண்டும். கடையில் முதலில் எடுத்து நீட்டியது புளித்த வகையைத்தான். திருப்பிக் கொடுத்தேன்.

கிரானைட்டின் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்ததுதான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதித்த பகுதி. மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் கல், அடியில் மெஷின் அறுத்த வரிகளோடு சொரசொரப்பாக இருக்கும். அதில் சிமெண்ட் பிடித்திருந்தது. உளியால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு தின்னரில் நனைத்த துணியால் இன்னொரு தரம். இரண்டரை மணி நேரம். சிலிக்கானுக்குத் தூசியைப் பிடிக்காது. தூசியோடு ஒட்டிக்கொண்டு, தூசியோடு கழன்று வரும்.

ஞாயிறு மத்தியானம் ஏற்றினோம். கப்ளிங்கை வெளியிலேயே மாட்டிவிட்டோம், உள்ளே படுத்துக்கொண்டு மாட்டுவது கொடுமை. சிங்க்கைச் சட்டத்துக்குள் இறக்கி, சிலிக்கான் இல்லாமல் ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். சட்டமும் சிங்க்குமாக 29½ அங்குலம். முன்பக்கக் கடப்பாவின் அடி 30½. ஓரங்குல இடைவெளியில் தேர் நிலைக்குப் போகிற மாதிரி நிதானமாக உள்ளே போனது. பிறகு ஸ்பேனர். 10 எம்எம் போல்ட்டுக்கு ஒரு சுற்று ஒன்றரை எம்எம். ஏற வேண்டியது 70 எம்எம். அதாவது ஒரு காலுக்கு 46, 47 சுற்று. ஒரே காலை ஏற்றிவிட்டால் சாய்ந்து கல்லில் இடிக்கும், அதனால் ஒவ்வொரு காலுக்கும் ஐந்தைந்து சுற்றாகச் சுற்றிச் சுற்றி வந்தோம். நான் எண்ணினேன், தம்பி திருகினான். இருபதைத் தாண்டியதும் அத்தை வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரும் எண்ண ஆரம்பித்தார்.

வெள்ளோட்டத்தில் ஒன்று தெரிந்தது. திறப்புக்கும் தொட்டிக்கும் வலப்பக்கம் கால் அங்குல வித்தியாசம். பழைய மேஸ்திரி வெட்டிய திறப்பு அவ்வளவு சதுரமாக இல்லை. இரண்டு பக்கமும் பாதி பாதியாகப் பங்கிட்டு, சட்டத்தின் கால் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் பென்சிலால் குறித்தோம். இறக்கி, வெளியே எடுத்து, விளிம்பில் சிலிக்கானைச் சுண்டுவிரல் கனத்துக்குத் தொடர்ச்சியாக ஒரே கோடாகப் போட்டு, மறுபடியும் உள்ளே. இந்த முறை நிதானமாக எண்ண நேரமில்லை. சென்னைக் காற்றின் ஈரத்துக்குச் சிலிக்கான் கால் மணிக்குள் மேலே ஆடை கட்டிவிடும். கடைசி இரண்டு சுற்றில் சிலிக்கான் உள்பக்கம் சீராகப் பிதுங்கி வந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டோம். இன்னும் இறுக்கினால் எல்லாம் வெளியே வந்து நடுவில் ஒன்றும் மிஞ்சாது. மேலும், கீழேயிருந்து ஜாக்கி வைத்துக் கிரானைட்டைத் தூக்குவது நம் நோக்கம் இல்லை. பிதுங்கியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழித்தேன்.

தண்ணீர் விடாமல் இரண்டு நாள். சிலிக்கான் வெளியிலிருந்து உள்ளே காயும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று எம்எம்தான். ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாறுவோம். அந்த இரண்டு நாளும் பாத்திரம் பால்கனியில். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஆபீஸுக்கு ஓடினேன்.

செவ்வாய் ராத்திரி ட்ராப்பை மாட்டிச் சோதனை. தொட்டியை அடைத்து நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் டேப் ஒட்டிவிட்டு, கீழே ஒவ்வொரு மூட்டையும் சுற்றி டிஷ்யூ பேப்பர் கட்டிவைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மட்டம் அப்படியே, பேப்பர் காய்ந்தபடி. பெருமையாக அடைப்பைப் பிடுங்கினேன். 42 லிட்டரும் ஒரே மூச்சில் இறங்க, ட்ராப்பின் கை சேரும் மூட்டிலிருந்து பேப்பர் நனைந்து சொட்டியது. நிற்கும் தண்ணீரில் தெரியாத கசிவு, ஓடும் தண்ணீரில்தான் தெரியும். கழற்றிப் பார்த்தால், கூம்பு வடிவ வாஷரின் சாய்ந்த பக்கம் மூட்டைப் பார்க்காமல் நட்டைப் பார்த்து இருந்தது. நான் மாட்டியதுதான். திருப்பிப் போட்டுக் கையாலேயே இறுக்கினேன். மூன்று முறை நிரப்பி இறக்கியும் சொட்டவில்லை.

செலவு: சிங்க் 5,600, கப்ளிங்கும் ட்ராப்பும் 780, கடப்பா வெட்ட 1,500, சட்டத்துக்கு இரும்பு 1,300, சிலிக்கான், எம்-சீல், பெயிண்ட், பிளேடு எல்லாம் 900 சொச்சம். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல்.

அக்கா வந்து முதல் பாத்திரத்தைப் போட்டதும், "சத்தமே வரலியே" என்றார். பழையதில் ஒரு கரண்டி விழுந்தாலே வீடு அதிரும். சைக்கிள் ட்யூபின் வேலை. ஆழத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சிங்க் அறையின் கதவில் உள்பக்கம் 17ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்றை ஆணியில் மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் மார்க்கரில் எழுதியும் வைத்திருக்கிறேன்: "ஓரத்தில் சிலிக்கானைப் பிளேடால் கீறவும். நாலு போல்ட்டையும் உள்ளே திருகவும், தலா 47 சுற்று. சிங்க் தானாக இறங்கும்." வெங்காயக் கூடையை இப்போது வேறு அறைக்கு மாற்றிவிட்டேன்.